ஒரே ஸ்கேனுக்கு எத்தனை பெயர்!

எதிர்வீட்டு மாமி ஒரு பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வந்தார்.

"பாரேன்டி! தலைவலின்னு மாமாவை மூணு இடத்துல காட்டினோம். ஒரு இடத்துல 'சி.டி. பிரெயின் பிளெயின்'னு எழுதியிருக்கா, இன்னொரு இடத்துல 'சி.டி. ஹெட்', மூணாவது 'என்.சி.சி.டி. பிரெயின்'. மூணும் வேற வேற டெஸ்டா?"

பிரித்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றேதான்! கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுத்த தலை ஸ்கேன்.

பெயர் எப்படி இருந்தால் என்ன என்கிறீர்களா? சி.டி. ஸ்கேன் எக்ஸ்-ரே கதிர்களால் எடுக்கப்படுவது. கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்று சொல்வார்கள். மார்பு எக்ஸ்-ரேக்கு சுமார் 0.1, தலை சி.டி.க்கு சுமார் 2. வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி.க்கு சுமார் 8. அதையே மருந்து ஏற்றுமுன் ஒரு தரம், ஏற்றியபின் ஒரு தரம் எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 2008-09ல், 18 மாத காலத்தில், பக்கவாத சந்தேகத்தோடு வந்த 206 பேருக்குத் தலை ஸ்கேனில் எட்டு மடங்கு கதிர் பாய்ந்துவிட்டது. ஒருவருக்கு முடி கொட்டிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. இதன்பின் கலிபோர்னியாவில் சட்டம் வந்து, 2012 ஜூலை முதல் சி.டி. ரிப்போர்ட்டில் கதிர் அளவை எழுதுவது கட்டாயமாயிற்று.

எழுதினால் போதுமா? அளவு அதிகமா, சரிதானா என்று அறிய, அதே ஸ்கேனுக்கு மற்ற ஆஸ்பத்திரிகளில் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமே! மளிகை நோட்டில் ஒரு மாதம் 'துவரை', மறுமாதம் வெறும் 'பருப்பு' என்று எழுதினால் கணக்கு ஒத்துவருமா? அந்தக் கதைதான். மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சாதாரண தலை ஸ்கேனைவிடக் கதிர் அதிகம். இரண்டையும் 'தலை சி.டி.' என்றே எழுதிவைத்தால் சராசரியே பொய்யாகிவிடும்.

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011ல் கதிர் அளவுப் பதிவேடு தொடங்கியபோது இந்தச் சிக்கல்தான் முன்னே நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு பெயர்! அதனால் ஒவ்வொரு பெயரையும் 'ரேட்லெக்ஸ் பிளேபுக்' என்ற பொதுப் பட்டியலோடு பொருத்தினார்கள். எந்த மெஷின், உடலில் எந்தப் பாகம், மருந்து ஏற்றியா ஏற்றாமலா, எதற்காக – இவை சேர்ந்ததுதான் முழுப் பெயர்.

சகோதரிகளே, பயந்துகொண்டு தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்தக் கதிர் கிடையாது. கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நோட்டில் தேதி, பாகம், மருந்து ஏற்றியதா, ரிப்போர்ட்டில் 'டி.எல்.பி.' என்று இருந்தால் அந்த எண் – இவற்றைக் குறித்து வையுங்கள்.

மாமி அன்றே நோட்டுப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் புது டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, "இந்தப் படங்களே போதும், மறுபடி எடுக்க வேண்டாம்" என்றாராம்!