அரி என்னும் இரண்டெழுத்து

புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள அரிமளத்தின் பெயரைச் சொன்னால், "அரி என்றால் திருமால் அல்லவா?" என்பார் ஒருவர். "இல்லை, சிங்கம்" என்பார் மற்றொருவர். அகராதியைப் புரட்டுகிறவரோ இவ்விருவரையும்விட அதிகமாகத் திகைப்பார். அரியில் தொடங்கும் சொற்கள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. ஆனால் ஒரே உடை தரித்திருப்பதால் மட்டும் அவை ஒரே குடும்பத்தவை ஆகிவிடா.

ஓசை ஒத்த சொற்களைத் திரட்டுவது நம்மவருக்குப் புதிதன்று. 1732-ல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்றாகிய தொடையகராதி, எதுகைக்கு இசையும் சொற்களைத் தொகுத்துத் தருவது. செய்யுள் செய்வோருக்கு அது பேருதவி. சொற்பிறப்பை அறிவதற்கோ அது வழியாகாது.

முதலில் நம் வீட்டுச் சொற்களைப் பார்ப்போம். அரிவாள், அரிவாள்மணை இரண்டிலும் உள்ள அரி, வெட்டுதல். கறையான் ஏட்டை அரிப்பதும், அலை கரையை அரிப்பதும், தண்ணீரில் அரிசியை அரித்துக் கல் நீக்குவதும் இதற்கு உறவு என்றே தோன்றுகிறது. ஒன்றிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்கும் கருத்து எல்லாவற்றிலும் ஊடாடுகிறது.

வடமொழி ஹரி தமிழில் ஹகரத்தை இழந்து அரியாயிற்று. திருமாலும் சிங்கமும் அவ்வழி வந்த பொருள்களே. சிங்காதனம் அரியணையானதும் அப்படித்தான். குழந்தை முதலில் எடுக்கும் அரிச்சுவடியும், ஹரியை வணங்கி எழுத்தைத் தொடங்கிய வழக்கத்தால் அப்பெயர் பெற்றது என்பர். பகைவன் என்னும் பொருளுள்ள அரியும் வடசொல்லே. ஆயினும் அது வேறு சொல். முரனுக்குப் பகைவன் முராரி. ஆக, முராரியைத் துதிக்கும்போது அரியும் அரியும் ஒருவரிடமே வந்து சேருகின்றன!

ஓர் அரி பாண்டியன் உயிரையே வாங்கியது. சிலம்பினுள்ளே ஒலிப்பதற்காக இடும் பரலுக்கும் அரி என்று பெயர். தேவியின் சிலம்பில் உள்ள அரி முத்து என்றான் அரசன். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். சிலப்பதிகாரத்தின் வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. இன்று அப்பொருளில் அதை வழங்குவார் இல்லை.

அரிசியைப் பற்றி நமக்குப் பெருமிதம் உண்டு. கிரேக்கரின் ஒரைஸா நம் அரிசியிலிருந்து பிறந்தது எனக் கால்டுவெல் கருதினார். ஆங்கிலேயரின் ரைஸ் அந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆனால் ஒரைஸா பாரசீகத்தை ஒட்டிய மொழிகளின் வழியே சென்றிருக்கலாம் என்பது பின்வந்த அறிஞர் பலரின் எண்ணம். நம் சொல் என்பதற்காக வாதத்தின் பலவீனத்தை மறைக்க வேண்டியதில்லை. அரிசி களையும் அரிக்கன்சட்டியைக் கண்டு, அரிக்கேன் விளக்கையும் அதன் தங்கை என்று சொல்லிவிடுவோர் உண்டே! புயலுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ஹரிக்கேன் என்னும் பெயரைத் தாங்கி வந்த விளக்கு அது. காற்றுக்கு அணையாது என்பது பொருள்.

ஆகையால், அரிமளத்தில் உள்ள அரி எது என்று தீர்ப்புச் சொல்லுமுன் பழைய ஆவணங்களில் அப்பெயரை எப்படி எழுதினார்கள் என்று பார்த்தல் வேண்டும். ஊர்ப்பெயர்கள் வாய்க்கு வாய் தேய்பவை.

அவ்வூரைச் சுற்றியுள்ள கண்மாய்ச் சீமையில் நெல் அறுப்போர் கைக்கொண்ட தாளை வயலில் வரிசையாகக் கிடத்துவார்கள். அந்த ஒரு பிடிக்கும் அரி என்றே பெயர். அரிகள் பல சேர்ந்தால் கட்டு. வயலில் நிற்கும் அடித்தட்டை அரிதாள். இன்று அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் அறுத்து, நெல்லையும் வைக்கோலையும் பிரித்துவிடுகிறது. முதுகு ஒடியக் குனிந்த உழைப்பு ஒழிந்தது நல்லதே. ஆனால் அரி போடுவார் இல்லாதபோது அச்சொல்லைச் சொல்வாரும் இல்லை. இயந்திரம் நுழையாத சிறு வயல்களில் இன்னும் கையால் அறுக்கிறார்கள். அங்கே நின்று கேட்டால் அது காதில் விழும்.