சென்ஃப்ரோனியா தாம்சன்

இந்தியாவைப் போலவே அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 150 உறுப்பினர்கள் உள்ளனர். நம் சட்டமன்ற உறுப்பினரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அவர்களுக்கோ இரண்டே ஆண்டுகள். மாத ஊதியம் 600 டாலர் மட்டுமே. அத்தகைய அவையில் 2023ஆம் ஆண்டில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தவர் சென்ஃப்ரோனியா தாம்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி.

இவர் 1939இல் பிறந்து ஹூஸ்டன் நகரில் வளர்ந்தார், ஆசிரியராகப் பணியாற்றினார். டெக்சாஸில் 1966 வரை வாக்களிக்க விரும்புவோர் வரி செலுத்த வேண்டியிருந்தது. ஏழைகளான கறுப்பின மக்கள் பலரை அவ்வரி வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. அது ஒழிந்த ஆறாம் ஆண்டில், 1972 தேர்தலில் தாம்சன் வெற்றி பெற்றார். உறுப்பினரான பின்னரே சட்டக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

மணமுறிவுக்குப் பின் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை வழங்குமாறு ஆணையிடும் அதிகாரம் டெக்சாஸ் நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் இல்லை. பிற மாநிலங்கள் யாவும் அதனை ஏற்ற பின்னரும் நிலைமை மாறவில்லை. 1995இல் தாம்சனின் முயற்சியால் அதற்கான சட்டம் பிறந்தது. பத்தாண்டு மணவாழ்க்கை போன்ற நிபந்தனைகள் பல இருப்பினும், வழி திறந்தது.

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வெள்ளையினத்தவர் மூவர் இனவெறியால் கொடூரமாகக் கொன்றனர். வெறுப்பினால் இழைக்கப்படும் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் மசோதாவை 1999இல் தாம்சன் கொண்டுவந்தார். கீழவை அதனை ஏற்றது. மேலவையில் அது முடங்கியது. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, 140 நாள்களே நடைபெறும். அதற்குள் நிறைவேறாத மசோதா காலாவதியாகிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிர்த்து வாக்களிக்கத் தயங்குவோரும் காலத்தைக் கடத்தியே ஒரு மசோதாவை வீழ்த்திவிட இயலும்.

மசோதாவில் இனம், சமயம், பாலினம், பாலின நாட்டம் முதலியவை வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தன. அப்பட்டியலையே பலர் எதிர்த்தனர். பட்டியலை நீக்கியிருந்தால் எதிர்ப்பு தணிந்திருக்கக் கூடும். பாதுகாப்பும் பெயரளவில் நின்றிருக்கும். தாம்சன் 2001இல் பட்டியலுடனேயே மசோதாவை மீண்டும் கொண்டுவந்தார். இம்முறை ஈரவைகளும் ஏற்றன. அவ்வாண்டு மே மாதம் ஆளுநர் ரிக் பெர்ரி கையெழுத்திட, அது ஜேம்ஸ் பேர்ட் பெயரிலேயே சட்டமாயிற்று.