மொபெட்டின் கார்புரேட்டர் பெட்ரோலை அளக்கும் விதம்

தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பால் கேனும் உர மூட்டையும் புல்கட்டும் சுமக்கும் மொபெட், இக்காலத்தில் ஓர் உழவுமாட்டுக்குச் சமமான சொத்தாகும். ஓசூரில் 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள் முதல் இவ்வகை வண்டிகளில் கார்புரேட்டரே அமைந்திருந்தது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமுலுக்கு வரவே, புதிய எக்ஸ்.எல். 100 வண்டிகளில் மின்னணுவால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. எனினும் பழைய வண்டிகள் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. கடன் பெற்று வாங்கிய அத்தகைய வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கிறதென்று, ஜெட்டைச் சிறிதாக்கச் சொல்லும் அங்கத்தினரும் உண்டு. அவ்வாறு செய்யுமுன் இவ்விஷயத்தை அறிதல் நலம்.

கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. காற்றே அதை இழுக்கிறது. வாய்க்கால் குறுகுமிடத்தில் நீர் விரைந்தோடுவதுபோல, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைகிறது. விரையுமிடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். அங்கே திறந்துள்ள ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் மேலேறித் துளிகளாகச் சிதறும். பூச்சிமருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு இதே முறையில் வேலை செய்தது.

அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியின் மிதவைக் குழாயைப்போலவே, பெட்ரோல் ஏறினால் அது ஓர் ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும். ஊசி தேய்ந்தால் கிண்ணம் நிரம்பி வழியும். கைப்பிடியைத் திருகும்போது கழுத்திலுள்ள தடுப்பு உயர்ந்து காற்றை மிகுதியாக விடுகிறது. அதனுடன் கூம்பிய ஊசியொன்றும் உயர்ந்து பெட்ரோலின் வழியை அகலமாக்குகிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! ஆகையால் செம்மண் தூசியால் காற்று வடிகட்டி அடைபட்டால் காற்று குறைந்து, ஜெட்டின் மேல் இழுப்பு அதிகரித்து, பெட்ரோல் வீணாகும். சோக்கை மூட மறந்தாலும் அவ்வாறே. இவ்விரண்டையும் மிதவை ஊசியையும் பாராமல் ஜெட்டைக் குறை சொல்வது நியாயமன்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்: கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், இளம் பழுப்பானால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

இந்தப் போதாமையே பெரிய ஆபத்து. டூ ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே யந்திரத்துக்குச் செல்கிறது. ஜெட்டைச் சிறிதாக்கினால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். முடிவில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பிடித்த பெட்ரோலின் விலை அப்போது பழுதுபார்க்கும் கூலிக்குக்கூட எட்டாது.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவோர் வண்டி சோர்வதைக் கண்டிருப்பர். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு இலேசாகிறது; பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே சக்தி குறைவதும் கரி சற்று அதிகமாவதும் இயல்பே. மலையில் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினால், சமவெளியின் கனத்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமற் போகும்.

வண்டி பல வாரம் ஓடாமல் நிற்குமாயின் பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்தை வடித்துவிடுதல் வேண்டும். இல்லையேல் பெட்ரோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் ஜெட்டை அடைக்கும். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். அடைப்பெடுக்கக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றை ஊதியே எடுத்தல் வேண்டும்.