கிளிங் என்னும் அடைமொழி

இன்றைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்ட ‘கிளிங்’ என்னும் பெயரடை, மலாய்த் தீபகற்பத்தில் வாணிகம் செய்த அல்லது குடியேறிய தென்னிந்தியரை, அவர்களுள்ளும் பெரும்பாலும் தமிழரைச் சார்ந்தது எனப் பொருள்படும். ஆங்கிலேயர் இதனை மலாய் மொழியின் ‘கெலிங்’ என்னும் சொல்லிலிருந்து பெற்றனர். அச்சொல்லோ, இன்றைய ஒடிசாவையும் ஆந்திரத்தின் வடகரையையும் தழுவிய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவாகும். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இவ்விளக்கத்தையே தருகிறது. கலிங்க வணிகர் முற்காலத்திலேயே கடல் கடந்து வந்தமையால், அவர்கள் நாட்டின் பெயரே பின்னர் வந்த சோழமண்டலக் கரையினர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று எனக் கருதலாம்.

மலாக்காவில் இச்சொல் முதலில் செல்வத்தையும் செல்வாக்கையுமே குறித்தது. 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் தம் நூலை எழுதிய போர்த்துக்கீசியர் தொமே பிரேஸ், சோழமண்டலத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கிய கெலிங் வணிகரின் பெருவளத்தை விரிவாகப் பதிந்துள்ளார். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், தங்கள் ஆவணங்களில் ‘நினா சாட்டு’ என்று குறிக்கும் தமிழ் வணிகரைப் பெண்டஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினர். 1514இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது, அவமானம் பொறாத அவர் தீயில் பாய்ந்து உயிர்நீத்தார். மலாக்காவில் பிறந்த எரேதியா 1613இல் எழுதிய நூல், ஆற்றுக்கு அப்பால் இருந்த கம்போங் கெலிங், அதாவது கெலிங்குகளின் குடியிருப்பு, சோழமண்டலத்தாருக்கு உரியது என்று கூறுவதோடு, ரோமானிய அறிஞர் பிளினி குறிப்பிட்ட கலிங்கரோடும் அவர்களைத் தொடர்புபடுத்துகிறது. அப்பகுதியில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், பகோடா போன்ற மினாராவையும் மூன்றடுக்குக் கூம்புக் கூரையையும் கொண்டு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில், குறிப்பாக மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிடத் தொடங்கிய பின்னர் தோட்டங்கள் பெருகித் தமிழர் கூலிகளாக அழைத்துவரப்பட்ட காலத்தில், வணிகரைக் குறித்த பெயர் உழைப்பாளரைத் தாழ்த்தும் வசவாகத் திரிந்தது. மக்களின் நிலையைத் தாழ்த்திய ஆட்சியே அவர்கள் பெயரின் மதிப்பையும் குறைத்தது எனல் மிகையன்று. இந்தியரின் எதிர்ப்பினால் சிங்கப்பூரின் கிளிங் தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கைதிகளின் காற்சங்கிலி எழுப்பிய ‘கிளிங் கிளிங்’ ஓசையே இச்சொல்லாயிற்று என்று தோட்டங்களிலும் நகரங்களிலும் இன்றும் கூறப்படும் விளக்கம் ஏற்கத்தக்கதன்று. இந்தியக் கைதிகள் இப்பகுதிக்குக் கப்பலேற்றப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே. அதற்கு 250 ஆண்டுகளுக்கும் முன்பே பிரேஸின் ஏட்டில் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. மலாக்கா அரசர்களின் வரலாறு கூறும் ‘செஜாரா மெலாயு’வோ கெலிங்கை வலிமைமிக்க மன்னர்கள் ஆண்ட நாடாகவே காட்டுகிறது.