புற்றணுவைத் தேடிச் செல்லும் மருந்து

புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளுட் பல நஞ்சின் தன்மை உடையவை. விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதே அவற்றின் தொழில். புற்றணுக்கள் விரைந்து பெருகுகின்றன. ஆயின் மயிர்க்கால்களிலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்லணுக்களும் அவ்வாறே பெருகுகின்றன. இரத்தத்தில் கலந்த மருந்து இவ்வேறுபாட்டை அறியாது. ஆதலின் முடி உதிர்கிறது. வாந்தியும் வாய்ப்புண்ணும் தோன்றுகின்றன. இரத்த அணுக்கள் குறைகின்றன. நோயினும் மருந்தே கொடிது என அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் கைவிடுவோர் நம்மிடையே இன்றும் உளர். இவ்வச்சத்தைக் குறைக்க அறிவியல் செய்துள்ளது யாது எனக் காண்போம்.

எண்ணத்தின் தோற்றம்

நல்லணுவைத் தீண்டாது நோயை மட்டும் தாக்கும் மருந்தை முதலில் கனவு கண்டவர், 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் ஆவார். அதனை அவர் 'மந்திரத் தோட்டா' என்றார். 1975இல் மற்றொரு ஜெர்மானிய அறிஞரான ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப், அக்கனவைப் பாலிமர் கொண்டு நனவாக்க ஒரு வரைவு தந்தார்.

பாலிமரைத் தமிழில் பல்லுறுப்பி என்பர். சிறு மூலக்கூறுகள் பல, தஸ்பீஹ் மணிகளைப் போல ஒன்றையடுத்து ஒன்றாய் இணைந்து அமையும் நெடுஞ்சரம் அது. ரிங்ஸ்டார்ஃபின் வரைவில் இச்சரம் ஊர்தியாகும். அதில் மருந்து ஏற்றப்படும். உரிய இடத்தில் மட்டும் அறுபடும் இணைப்பு ஒன்று மருந்தைப் பிடித்திருக்கும். செல்லவேண்டிய அணுவை அடையாளம் காணும் முகவரி ஒன்றும் சேர்க்கப்படும்.

ஊர்தி செல்லும் வழி

நல்ல திசுவின் இரத்த நாளச் சுவர் இடைவெளியின்றி நெருங்கிக் கட்டியது போன்றது. புற்றுக்கட்டியில் அவசரமாய் முளைக்கும் நாளங்களிலோ இடைவெளிகள் மிகுதி. பெரிய மூலக்கூறுகள் அவ்வழியே கசிந்து புகும். நிணநீர் வடிகால் அங்கே செவ்வனே அமையாமையால் புகுந்தவை எளிதில் வெளியேறா. ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் இதனை விளக்கினர். புரத மருந்தொன்றைப் பல்லுறுப்பியுடன் பிணைத்து மயேதா ஆக்கிய ஸ்மாங்க்ஸ், 1993இல் கல்லீரல் புற்றுக்கு ஜப்பானில் ஒப்புதல் பெற்றது.

பிராகா நகரின் கோபெச்செக்கும் பிரிட்டனின் ரூத் டங்கனும் டாக்சோரூபிசின் என்னும் மருந்தை நான்கு அமினோ அமிலங்களாலான பாலத்தால் பல்லுறுப்பியில் பிணைத்தனர். இரத்தத்தில் இப்பாலம் உறுதியாய் நிற்கும். அணுவினுள் புகுந்தபின் காதெப்சின் என்னும் நொதி அதனை வெட்ட, மருந்து விடுபடும். 1994இல் நோயாளரிடம் சோதனை தொடங்கியது. வழக்கத்தினும் பன்மடங்கு மருந்தை உடல் தாங்கியது. ஆயினும் அது விற்பனைக்குரிய மருந்தாக நிறைவெய்தவில்லை.

கனவும் நடைமுறையும்

டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 2016இல், அதற்கு முந்தைய பத்தாண்டு விலங்குச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். செலுத்திய நுண்துகள்களுள் கட்டியை அடைந்தவை இடைநிலை அளவாக நூற்றுக்கு 0.7 பங்கே எனக் கண்டனர். கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை வழியிலேயே கவர்ந்துகொள்கின்றன. அவ்வாறாயின் இம்முயற்சி வீணோ? அன்று.

டாக்சோரூபிசினால் விளையும் பெருந்தீங்கு இதயத் தளர்ச்சி. அம்மருந்தைக் கொழுப்புப் படலக் குமிழியில் அடைத்து, மேலே பல்லுறுப்பிப் போர்வை போர்த்திய டாக்சில், 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முற்றிய மார்பகப் புற்றுடைய 509 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. நோயை அடக்குவதில் புதிய வடிவம் பழையதற்கு ஈடாய் நின்றதேயன்றி அதனை விஞ்சவில்லை. ஆனால் இதயம் பாதிக்கப்பட்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் சிவந்து புண்ணாவதோ மிகுந்தது.

முடிவுரை

ஒப்படைத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பதை அமானிதம் பேணுதல் என்கிறோம். உரியவரிடம் சேர்ப்பது அதில் ஒரு பாதி. உரிமையற்றோர் கையில் சிந்தாமல் காப்பது மறுபாதி. பல்லுறுப்பி ஊர்திகள் இதுகாறும் பெரிதும் நிறைவேற்றியது இந்த மறுபாதியையே. முதற்பாதி இன்றைய மாணவர்க்குக் காத்திருக்கும் பணி.

எனவே, புற்றை மட்டுமே தொடும் மருந்து வந்துவிட்டது என்னும் விளம்பரத்தை நம்பவும் வேண்டா. பக்கவிளைவுக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடவும் வேண்டா. இதயம் நலிந்தோர்க்குத் தீங்கு குறைந்த வடிவம் உண்டா என மருத்துவரைக் கேட்பது நோயாளியின் உரிமை. அக்கேள்வியைக் கேட்கும் அறிவை எளிய தமிழில் வீடுதோறும் சேர்ப்பது கற்றோராகிய நம் கடமை.