துணை மின்நிலையப் பஸ்பார் அமைப்புகள்

பஸ்பார் என்பது ஒரு துணை மின்நிலையத்துக்கு வந்து சேரும் மின்பாதைகளையும் அங்குள்ள மின்மாற்றிகளையும் ஒன்றாக இணைக்கும் பொதுக் கடத்தி ஆகும். மூன்று கட்ட மின்சாரத்தில் கட்டத்துக்கு ஒன்றாக மூன்று கடத்திகள் சேர்ந்து ஒரு பஸ்பார் எனக் கொள்ளப்படும். 'அனைவருக்கும்' எனப் பொருள்படும் 'ஓம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் இறுதிப் பகுதியே இப்பெயரில் உள்ளது. பயணிகள் செல்லும் பஸ்ஸின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததாகும்.

எல்லா மின்பாதைகளும் ஓரிடத்தில் கூடுவதால், பஸ்பாரில் ஏற்படும் பழுது ஒரு மின்பாதையில் ஏற்படும் பழுதைவிடப் பன்மடங்கு கடுமையான விளைவுகளைத் தரும். ஆகவே எத்தனை பஸ்பார்கள் வேண்டும், எந்த மின்பாதை எதனுடன் இணையவேண்டும், அவை நிலத்தில் எவ்வாறு அமையவேண்டும் என்பவை துணை மின்நிலைய வடிவமைப்பின் அடிப்படைக் கேள்விகளாக உள்ளன.

முதன்மைக் கருவிகள்

பஸ்பார் அமைப்புகளைப் புரிந்துகொள்ள இரண்டு கருவிகளின் வேறுபாட்டை அறிதல் அவசியம்.

மின்சுற்று முறிப்பான் (பிரேக்கர்): சுமை மின்னோட்டத்தையும் பழுதின்போது பாயும் மிகப்பெரிய மின்னோட்டத்தையும் துண்டிக்க வல்லது. விலை மிகுந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக இயக்கத்திலிருந்து எடுக்கப்படவேண்டியது.

தனிமைப்படுத்தி (ஐசொலேட்டர்): மின்னோட்டம் நின்ற பிறகு, கண்ணால் காணத்தக்க இடைவெளியை ஏற்படுத்துவது. பணியாளரின் பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது. சுமை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் இதற்குக் கிடையாது. சுமையுடன் திறந்தால் தொடர்ச்சியான மின்வில் உண்டாகிக் கருவி அழிந்துவிடும்.

எனவே மின்பாதையை நிறுத்தும்போது முதலில் முறிப்பானும் பின்னர் தனிமைப்படுத்தியும் திறக்கப்படும். மீண்டும் இணைக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். தவறு நேராதிருக்க இவ்விரண்டுக்கும் இடையே உட்பூட்டு அமைக்கப்படும்.

பஸ்பார் அமைப்பின் வகைகள்

ஒற்றைப் பஸ்பார்: மிக எளியதும் செலவு குறைந்ததும் ஆகும். எல்லாச் சுற்றுகளும் தத்தம் முறிப்பான் வழியாக ஒரே பஸ்பாருடன் இணைகின்றன. பஸ்பாரில் பழுது ஏற்பட்டால் நிலையம் முழுவதும் இருளும். ஒரு முறிப்பானைப் பராமரிக்க வேண்டுமெனில் அதன் மின்பாதையையும் நிறுத்தவேண்டும்.

பிரிக்கப்பட்ட ஒற்றைப் பஸ்பார்: பஸ்பார் நடுவில் ஒரு முறிப்பானால் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் பழுது ஏற்பட்டால் மறுபகுதி தொடர்ந்து இயங்கும்.

முதன்மை - மாற்றுப் பஸ்பார்: வழக்கமாக எல்லாச் சுற்றுகளும் முதன்மைப் பஸ்பாரில் இருக்கும். ஒரு முறிப்பான் பராமரிப்புக்குச் செல்லும்போது அதன் மின்பாதை மாற்றுப் பஸ்பாருக்கு மாற்றப்பட்டு, இரு பஸ்பார்களையும் இணைக்கும் பொது முறிப்பான் அதன் பணியை ஏற்கும். மின்பாதையை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் முதன்மைப் பஸ்பாரில் பழுது ஏற்பட்டால் நிலையம் முழுவதும் நிற்கும்.

இரட்டைப் பஸ்பார்: ஒவ்வொரு சுற்றும் ஒரு முறிப்பானையும், இரு பஸ்பார்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இரண்டு தனிமைப்படுத்திகளையும் கொண்டிருக்கும். பஸ்பார்களை ஓர் இணைப்பு முறிப்பான் (பஸ் கப்ளர்) இணைக்கும். சுமையுடன் இருக்கும் சுற்றையும் ஒரு பஸ்பாரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். அதற்கு முதலில் இணைப்பு முறிப்பான் மூடப்பட்டு இரு பஸ்பார்களும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரப்படும். பிறகு இரண்டாம் பஸ்பாரின் தனிமைப்படுத்தி மூடப்பட்டு, முதலாவது திறக்கப்படும். மின்னோட்டத்துக்கு வேறு வழி முன்பே இருப்பதால் தனிமைப்படுத்தியில் பெரிய மின்வில் உண்டாவதில்லை. இதனுடன் மாற்றுப் பஸ்பார் ஒன்றையும் சேர்த்த அமைப்பு இந்தியாவில் 220 கிலோவோல்ட் நிலையங்களில் பரவலாக உள்ளது.

வளையப் பஸ்பார்: முறிப்பான்கள் வளையமாக இணைக்கப்பட்டு, அடுத்தடுத்த இரு முறிப்பான்களுக்கு இடையே ஒரு சுற்று இணையும். சுற்றுகளின் எண்ணிக்கை அளவுக்கே முறிப்பான்கள் போதும். ஆனால் ஒரு முறிப்பான் பராமரிப்பில் இருக்கும்போது வேறிடத்தில் பழுது நேர்ந்தால் வளையம் இரண்டாகப் பிளவுபடும். இதனால் பெரும்பாலும் ஆறு சுற்றுகளுக்கு மேல் இவ்வமைப்பு பயன்படுத்தப்படுவதில்லை.

ஒன்றரை முறிப்பான் அமைப்பு: இரு பஸ்பார்களுக்கு இடையே மூன்று முறிப்பான்கள் தொடராக அமைந்து, அவற்றின் இடைவெளிகளில் இரு சுற்றுகள் இணையும். சுற்று ஒன்றுக்கு ஒன்றரை முறிப்பான் என்பதால் இப்பெயர் பெற்றது. ஒரு பஸ்பார் முழுவதும் பழுதானாலும் எந்தச் சுற்றும் நிற்பதில்லை. இந்தியாவின் 400, 765 கிலோவோல்ட் நிலையங்கள் பலவற்றில் இவ்வமைப்பைக் காணலாம்.

இரட்டைப் பஸ்பார் - இரட்டை முறிப்பான்: ஒவ்வொரு சுற்றும் இரு பஸ்பார்களுடனும் தனித்தனி முறிப்பானால் இணைக்கப்படும். நம்பகத்தன்மை மிகுந்தது. செலவும் அவ்வாறே.

ஒப்பீடு

ஆறு சுற்றுகள் கொண்ட ஒரு நிலையத்துக்குத் தேவையான முறிப்பான்களும், பஸ்பாரில் ஒரு பழுது ஏற்பட்டால் உடனடியாக நிற்கும் சுற்றுகளும் பின்வருமாறு அமையும். பிரிக்கப்பட்ட அமைப்பிலும் இரட்டைப் பஸ்பாரிலும் சுற்றுகள் சமமாகப் பகிரப்பட்டுள்ளதாகக் கொள்க.

- ஒற்றைப் பஸ்பார்: 6 முறிப்பான்கள், 6 சுற்றுகள் நிற்கும்.
- பிரிக்கப்பட்ட ஒற்றைப் பஸ்பார்: 7 முறிப்பான்கள், 3 சுற்றுகள் நிற்கும்.
- முதன்மை - மாற்றுப் பஸ்பார்: 7 முறிப்பான்கள், 6 சுற்றுகள் நிற்கும்.
- இரட்டைப் பஸ்பார்: 7 முறிப்பான்கள், 3 சுற்றுகள் நிற்கும். அவற்றைப் பின்னர் மறு பஸ்பாருக்கு மாற்றலாம்.
- வளையப் பஸ்பார்: 6 முறிப்பான்கள், 1 சுற்று நிற்கும்.
- ஒன்றரை முறிப்பான்: 9 முறிப்பான்கள், எதுவும் நிற்காது.
- இரட்டை முறிப்பான்: 12 முறிப்பான்கள், எதுவும் நிற்காது.

இக்கணக்கு முறிப்பான்கள் அனைத்தும் சரியாக இயங்கும் என்ற எடுகோளை உடையது. ஒரு மின்பாதையில் பழுது ஏற்பட்டு அதன் முறிப்பான் திறக்கத் தவறினால் நிலைமை மாறும். ஒற்றைப் பஸ்பாரில் எல்லாச் சுற்றுகளும் நிற்கும். ஒன்றரை முறிப்பான் அமைப்பில் நடு முறிப்பான் தவறினால் அதைப் பகிர்ந்துகொள்ளும் இரு சுற்றுகளும் நிற்கும். இதனால் ஒரே ஊருக்குச் செல்லும் இரு மின்பாதைகளை ஒரே தொடரில் அமைப்பது தவிர்க்கப்படுகிறது. மின்சாரம் கொண்டுவரும் ஒரு சுற்றும் கொண்டுசெல்லும் ஒரு சுற்றுமாக இணை சேர்ப்பது நல்ல நடைமுறையாகும்.

பஸ்பார் காப்பு

ஒரு பஸ்பாருக்குள் நுழையும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பது கிர்க்காஃபின் முதல் விதி. ஒவ்வொரு சுற்றிலும் உள்ள மின்னோட்ட மின்மாற்றிகளின் அளவீடுகளைக் கூட்டி, எஞ்சும் மதிப்பு சுழியாக இல்லையெனில் பஸ்பாரில் பழுது உள்ளதென ரிலே முடிவு செய்து, அந்தப் பஸ்பாரைச் சேர்ந்த முறிப்பான்கள் அனைத்தையும் திறக்கும். இரட்டைப் பஸ்பாரில் எந்தச் சுற்று எப்பஸ்பாரில் உள்ளது என்பதைத் தனிமைப்படுத்திகளின் நிலையிலிருந்து ரிலே அறியவேண்டும். அத்தகவல் பிழையானால் பழுதற்ற பஸ்பாரும் துண்டிக்கப்படக்கூடும்.

நிலத்தில் அமைப்பு

மின்சுற்று வரைபடத்தில் ஒரே மாதிரியான இரு நிலையங்கள் நிலத்தில் முற்றிலும் வேறுபட்டு அமையலாம். இதில் கருதவேண்டியவை பின்வருவன.

இடைவெளிகள்: காற்றே மின்காப்பாக இருப்பதால் மின்னழுத்தம் கூடக்கூட இடைவெளியும் கூடவேண்டும். பணியாளர் நிற்கும் இடத்துக்கும் மின்னூட்டமுள்ள பகுதிக்கும் இடையே வேண்டிய பாதுகாப்பு இடைவெளி இந்திய நடைமுறையில் 220 கிலோவோல்ட்டுக்கு 5 மீட்டரும் 400 கிலோவோல்ட்டுக்கு 6.5 மீட்டரும் ஆகும்.

கடத்தியின் வகை: கோபுரங்களுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்ட அலுமினியக் கம்பிகளோ, மின்காப்பிகளின் மேல் தாங்கப்பட்ட அலுமினியக் குழாய்களோ பயன்படும். அலுமினியம் வெப்பத்தால் ஒரு பாகை செல்சியசுக்கு, மீட்டருக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். 40 மீட்டர்க் குழாய் 50 பாகை சூடேறினால் 46 மில்லிமீட்டர் நீளும். இதற்கு இடந்தரும் நெகிழ் இணைப்புகள் இல்லையெனில் மின்காப்பிகள் உடையும்.

விசை: குறுக்குச் சுற்றின்போது அடுத்தடுத்த கடத்திகளுக்கிடையே பெரும் விசை உண்டாகும். 7 மீட்டர் இடைவெளியுள்ள இரு கடத்திகளில் எதிரெதிர்த் திசையில் 100 கிலோஆம்பியர் பாய்ந்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 286 நியூட்டன் விசை ஏற்படும். மின்னோட்டம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

கருவிகளின் அண்மை: ஒன்றிலிருந்து உடைந்து விழும் பாகமோ மின்வில்லோ மற்றொரு பஸ்பாரைத் தொடக்கூடாது. மின்சுற்று வரைபடத்தில் இது தெரிவதில்லை என்பதால் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும்.

நிலம் கிடைக்காத நகரங்களில் சல்ஃபர் ஹெக்சாபுளோரைடு வளிமம் நிரப்பிய உலோக உறைகளுக்குள் பஸ்பார்கள் அமைக்கப்படுகின்றன. இம்முறை 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலும் செருமனியிலும் பயன்பாட்டுக்கு வந்தது. இதற்கு மிகக் குறைந்த நிலமே போதும். ஆனால் இவ்வளிமம் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்க வல்லது என்பதால் மாற்று வளிமங்கள் புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

2003 சுவீடன் - டென்மார்க் மின்தடை

பஸ்பார்களின் நில அமைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை 2003 செப்டம்பர் 23 அன்று நிகழ்ந்த மின்தடை காட்டுகிறது. அன்று பகல் 12.30 மணிக்குத் தென்கிழக்குச் சுவீடனில் உள்ள ஓஸ்கார்ஸ்ஹாம்ன் அணுமின் நிலையத்தின் ஏறத்தாழ 1,200 மெகாவாட் அலகு நின்றது. வலையமைப்பு அதைத் தாங்கியது. ஒரு பெரிய அலகின் இழப்பைத் தாங்கும்படியே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மேற்குக் கரையோர மின்பாதைகளில் சுமை கூடியது.

ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு, மேற்குக் கரைப் பகுதியில் உள்ள ஹொரெட் 400 கிலோவோல்ட் நிலையத்தில் ஒரு தனிமைப்படுத்தியின் மூட்டு சூடேறி, அதன் கை உடைந்து விழுந்தது. அதிலிருந்து எழுந்த மின்வில், அருகே இணையாக அமைந்த மற்றொரு தனிமைப்படுத்தியை எட்டியது. அவ்விரண்டும் வெவ்வேறு பஸ்பார்களைச் சேர்ந்தவை. இதனால் இரு பஸ்பார்களும் ஒரே வேளையில் துண்டிக்கப்பட்டன.

ரிங்ஹால்ஸ் அணுமின் நிலையத்தின் இரு அலகுகள், ஒன்று நின்றாலும் மற்றது இயங்கட்டும் என்ற நோக்கில், இந்நிலையத்தின் தனித்தனிப் பஸ்பார்களில் இணைக்கப்பட்டிருந்தன. இரு பஸ்பார்களும் போனதால் இரண்டும் நின்றன. ஏறத்தாழ 1,800 மெகாவாட் உற்பத்தியும் வடக்கு - தெற்கு மின்பாதைகளும் ஒருங்கே இழக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் மின்னழுத்தம் சரிந்து, தென் சுவீடனிலும் கோபனாவன் உள்ளிட்ட கிழக்கு டென்மார்க்கிலும் சுமார் 40 இலட்சம் மக்கள் மின்சாரம் இழந்தனர்.

காப்பு ரிலேக்கள் தம் பணியைச் சரியாகவே செய்தன. வரைபடத்தில் தனித்தனியாக இருந்த இரு பஸ்பார்கள், நிலத்தில் ஒரு மின்வில்லின் எட்டும் தொலைவில் இருந்தன. இரண்டு பஸ்பார்கள் இருப்பது மட்டும் போதாது, ஒன்றின் பழுது மற்றொன்றை எட்டாதவாறு அவை அமையவும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.