குப்பை மேடு கரைந்தாலும் கசிவு நிற்காது

சென்னை பெருங்குடிக் குப்பை மேட்டைக் கிளறிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் பணியைப் பார்த்து, தொல்லை விட்டது என்று நினைப்பது அவசரம். கண்ணுக்குத் தெரியும் மேட்டைவிட அதன் அடியில் இறங்கிய நீர்தான் ஆபத்தானது. வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி, காய்கறித் தோலும் மிச்சச் சோறுமான ஈரக் குப்பை. காற்றுப் புகாத குவியலுக்குள் அது அழுகும்போது அமிலம் ஊறுகிறது. கூடவே கிடக்கும் பேட்டரி, பெயின்ட் டப்பா, உடைந்த டியூப் லைட்டிலிருந்து ஈயம், காட்மியம், பாதரசத்தை அந்த அமிலம் கரைத்து இழுக்கிறது. மேலே ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டினால், டிகாக்‌ஷன் நிறத்தில் அம்மோனியா நெடியுடன் கசிவுநீர் வடிகிறது. அடியில் தடுப்பு விரிப்பும் கசிவை வாங்கும் குழாயும் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. பெருங்குடியில் அதற்கு வெகுகாலம் முன்பே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே, வெறும் தரையில் குப்பை கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சதுப்பு நிலம் இயற்கை வடிகட்டிதானே என்பார்கள். கோரையும் நாணலும் நைட்ரஜனில் ஒரு பங்கை உறிஞ்சும், உண்மை. ஆனால் உலோகம் எங்கும் போய்விடாது. சேற்றில் படிந்து புழுவுக்கும் மீனுக்கும் போகும். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற இடத்தின் மீது இந்தச் சுமையை ஏற்றுவது அநியாயம். மழைக்காலத்தில் அதன் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் ஓடுகிறது. நிலத்தடி நீர் கெட்டாலும் குடிக்கக் கேன் தண்ணீர் இருக்கிறதே என்ற சமாதானமும் நிற்காது. கேன் வாங்க முடியாத வீடுகள் போர் தண்ணீரைத்தான் நம்புகின்றன. அதைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட்டும் உலோகமும் போகாது.

பயோமைனிங் வேண்டாம் என்பதல்ல; ஊற்றுக்கண்ணை அடைக்க அது அவசியம். ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பும் அம்மோனியாவும் மேட்டோடு சேர்ந்து லாரியில் ஏறுவதில்லை. அதனால் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் சோதித்து, முடிவை அந்தந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும். ஈரக் குப்பை வீட்டு வாசலிலேயே பிரிக்கப்பட்டு உரக்கூடத்துக்குப் போகாவிட்டால், நாளைக்கு வேறொரு தாழ்நிலத்தில் இதே அமிலம் ஊறும். பயோமைனிங்கில் சலித்தெடுத்த மண்ணை உலோகச் சோதனையின்றிப் பள்ளம் நிரப்ப அனுப்பினால், அதிலுள்ள உலோகம் இன்றைக்கே அந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.